பெரியாஸ்பத்திரிய ஊருக்கு வெளிய மாத்துறாங்க... மனுல என்னன்னு எழுதலாம்?

ஜெராக்ஸ்காரன்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. ஊர் பேரு வேணாம், கண்டுபிடிச்சவங்களும் கீழ போட்டுடாதீங்க, ஏற்கனவே ஊரு வாட்ஸ்அப் குரூப்புல இதுக்காக ரெண்டு பேரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க.

எங்க ஊரு ஜிஹெச் பஸ் ஸ்டாண்டுல இறங்குனா நடந்து அஞ்சு நிமிஷம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியா இருந்துச்சு, அப்புறம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. காலேஜ் கட்டுனது பைபாஸ் தாண்டி 9 கிலோமீட்டர்ல பொட்டக்காட்டுல. இத்தன நாளா காலேஜ் அங்க, ஆஸ்பத்திரி இங்கன்னு ஓடுச்சு. இப்ப அங்கயே பெரிய பெரிய பிளாக்கா கட்டி முடிச்சிட்டாங்க, ஓபி, தியேட்டர், பிரசவ வார்டு, கடைசில மார்ச்சுவரி கூட ஒவ்வொண்ணா அங்க போயிடுமாம். பழைய இடத்த என்ன பண்ணப் போறாங்கன்னு யாருக்கும் தெரியல, ஒருத்தர் பார்க்கிங்குறார் இன்னொருத்தர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ங்கிறார்.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு இதுல சுயலாபம் இருக்கு. ஜிஹெச் கேட்டுக்கு நேரெதிர்ல 14 வருஷமா ஜெராக்ஸ் கடை. ஆஸ்பத்திரி போனா நானும் போக வேண்டியதுதான். ஆனா 14 வருஷம் எதிர்ல உக்காந்து பாத்ததுல ஒண்ணு புரிஞ்சுது, அங்க வர்றவங்க எல்லாரும் நோயாளி கிடையாது. காலைல ஆறரைக்கு ஷட்டர் தூக்கும்போதே நாலு பேரு நிப்பாங்க, ஒருத்தருக்கு காப்பீட்டு அட்டை காப்பி, ஒருத்தருக்கு வருமானச் சான்று காப்பி, இன்னொருத்தர் பையனக் கூட்டிக்கிட்டு மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு போட்டோ ஒட்டணும்னு பசை கேப்பார். ஆக்சிடென்ட் கேஸா இருந்தா ஏஆர் காப்பி (காயத்தப் பத்தி ஆஸ்பத்திரில எழுதுற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) எப்ப கிடைக்கும்னு என்னத்தான் கேப்பாங்க, நான் என்னமோ ஆஸ்பத்திரிய நிர்வாகம் பண்ற ஆர்எம்ஓ டாக்டர் மாதிரி. அடிதடி கேஸுன்னா ரெண்டு பக்கத்து ஆளுங்களும் என் கடை வாசல்லயே நிப்பாங்க, அவுட்போஸ்ட் போலீஸ் டீ குடிக்க வந்தா அப்பதான் கொஞ்சம் அடங்குவாங்க. சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் வர்ற பாட்டிங்க நாலஞ்சு பேரு இருக்காங்க, மாத்திரை வாங்கி முடிச்சும் பதினோரு மணி வரைக்கும் வேப்பமரத்தடி பெஞ்சுல உக்காந்து மருமகள்களப் பத்திப் பேசிட்டுத்தான் கிளம்புவாங்க. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்குறதே அந்த ஒரு நாள்தான்.

விஷயத்துக்கு வர்றேன். வியாபாரிங்க எல்லாம் சேந்து அடுத்த திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு குடுக்குறாங்க. டைப் பண்றது நான்தான். "இடமாற்றத்தை உடனடியாக ரத்து செய்ய வேண்டும்"னு ஒத்த வரில எழுதித் தந்திருக்காங்க. எனக்கு அது வேலைக்கு ஆகும்னு தோணல, அத்தன கோடி போட்டு கட்டுன கட்டடத்த பூட்டியா வைக்கப் போறாங்க. ரத்து செய்னு கேட்டு ஒண்ணும் கிடைக்காமப் போறதுக்கு, இத இத மட்டுமாவது ஊருக்குள்ள விட்டு வைங்கன்னு கேட்டா என்ன? எத எதக் கேக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க, ஆஸ்பத்திரில வேல பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நேர்வழி_நாகு:

அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, கடை வாடகைக்குத்தான் இத்தன பாட்டி கதையும்னு எனக்குத் தோணுது. பழைய ஜிஹெச்ல என் அப்பாவ வெச்சு எட்டு நாள் இருந்தவன் நான். ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு, மீதி ஆளு வராந்தாவுல பாய். மழை வந்தா வார்டுக்குள்ள பக்கெட்டு. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர ரோட்டக் கடந்து இன்னொரு பில்டிங்குக்கு தள்ளிக்கிட்டு போகணும், நடுவுல வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். அந்த நெரிசல்ல இன்னும் பத்து வருஷம் இருக்கணுமா? ஆஸ்பத்திரி இடம் மாறுறது ஒண்ணும் உலகத்துல நடக்காதது இல்ல. சென்னை ஜிஹெச் 1664ல ஆரம்பிச்சப்போ கோட்டைக்குள்ள ஒரு சின்ன இடத்துலதான் இருந்துச்சு, 1772லதான் இப்ப இருக்கிற இடத்துக்கு வந்துச்சு. அன்னைக்கும் எவனாவது கோட்டை வாசல்ல கடை வெச்சிருந்தா மனு போட்டிருப்பான் :)

ஜெராக்ஸ்காரன்:

நாகு தம்பி, சுயலாபம்னு நானே முதல்ல சொல்லிட்டேனேப்பா. மழை பக்கெட்டு உண்மைதான், நானே பாத்திருக்கேன். அதனாலதான் ரத்து பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரலன்னு எழுதுனேன். ஆனா சென்னை உதாரணம் உங்களுக்கே ரிவர்ஸ் அடிக்குதே. அந்த இடத்துக்கு எதிர்ல 1873ல சென்ட்ரல் ஸ்டேஷன் வந்துச்சு. இன்னைக்கும் காட்பாடில ஏறுனவன் ரயில் விட்டு இறங்கி சப்வேல நடந்தா ஓபி சீட்டு வாங்கிடலாம். எங்க புது ஆஸ்பத்திரிக்கு எதிர்ல என்ன வரும்னு நினைக்கிறீங்க, முள்ளுக்காடுதான்.

ஸ்டாண்டு_நம்பர்_4:

ஆட்டோக்காரன் சார் நான், வேற ஊரு, ஆனா இதே கததான். எங்க ஊர்ல மாத்தி ஒரு வருஷம் ஆகுது. மாத்துன புதுசுல எங்களுக்கு நல்ல சவாரி, பொய் சொல்லல. ஆனா நைட்டு 12க்கு மேல அங்க யாரும் வண்டி போட மாட்டான், திரும்பி வர்றப்போ காலியாத்தான் வரணும். அவசரத்துக்கு 108 வந்துடும், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா உயிருக்கு ஆபத்து இல்ல, அதே நேரம் காலைல வரைக்கும் தாங்காதுன்னு ஒரு வலி இருக்கு பாருங்க, குழந்தைக்கு காது வலி, மூத்திரம் அடைச்சுக்கிட்ட பெருசுங்க... அவங்கதான் நடு ராத்திரி ரோட்டுல நின்னு எங்க மூஞ்சியப் பாக்குறாங்க. பழைய இடமா இருந்தா நடந்தே போயிருப்பாங்க.

ரிட்டயர்டு_சிஸ்டர்:

தம்பி உங்க பதிவப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரில இருந்தேன், பாதி சர்வீஸ் பிரசவ வார்டு. டைப் பண்ண நேரமாகும், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

பிரசவத்துல அம்மாவோ பிள்ளையோ போயிட்டா ஆடிட் வைப்பாங்க, அதுல எங்களுக்கு சொல்லித் தந்தது மூணு தாமதம். வீட்டுல முடிவெடுக்க ஆகுற தாமதம் ஒண்ணு, ஆஸ்பத்திரி வந்து சேர ஆகுற தாமதம் ரெண்டு, வந்து சேந்தப்புறம் வைத்தியம் ஆரம்பிக்க ஆகுற தாமதம் மூணு. புதுக் கட்டடம், புது தியேட்டர், நிறைய டாக்டருங்க, இதெல்லாம் மூணாவதக் குறைக்கும், நான் ஒத்துக்கிறேன். ரெண்டாவதக் கூட்டிடும். இதோட நிக்காது, முதலாவதையும் சேத்து இழுக்கும், அதத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா "எதுக்கும் ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாம்"னு மாமியா சொல்லும். அதே 9 கிலோமீட்டர் தள்ளி இருந்தா "பொய் வலியா இருக்கும், விடியட்டும்"னு அதே மாமியாதான் சொல்லும். நான் பாத்ததுல நிறைய கேஸ் இந்த "விடியட்டும்"ல தான் கெட்டுச்சு.

அப்புறம் கூட இருக்கிறவங்க. ஒரு நோயாளி படுத்தா வீட்டுல ரெண்டு பேரு வேல கெட்டுது. ஆஸ்பத்திரி ஊருக்குள்ள இருந்தா புருஷன் காலைல கஞ்சி குடுத்துட்டு லோடு இறக்கப் போயிட்டு சாயங்காலம் வந்துடுவான், பக்கத்து வீட்டுப் பொண்ணு மத்தியானம் வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுப் போகும். தூரமாப் போச்சுன்னா ஒருத்தர் முழுசா அங்கயே கிடக்கணும். மருந்து இலவசம், ஆபரேஷன் இலவசம், எல்லாம் சரிதான், அந்த ஒரு ஆளோட கூலிய யாரும் தரப்போறதில்ல. மூணாம் நாளே கையெழுத்து போட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, நாங்க "டாக்டர் பேச்சக் கேக்காமப் போயிட்டாங்க"ன்னு கேஸ் ஷீட்டுல எழுதுவோம்.

என்னக் கேட்டா பிரசவ வார்டு மட்டுமாவது ஊருக்குள்ள இருக்கட்டும்னு கேளுங்க. நார்மல் டெலிவரிக்கு பெரிய கட்டடம் தேவையில்ல, நல்ல சிஸ்டர் ரெண்டு பேரு போதும்.

கேஷுவாலிட்டி_நைட்:

சிஸ்டர் சொன்னதுல கடைசி வரிய மட்டும் மறுக்குறேன், மத்தது எல்லாத்துக்கும் கும்பிடு. நான் மெடிக்கல் காலேஜ் ஒண்ணுல கேஷுவாலிட்டி, அதான் அவசரப் பிரிவு, டியூட்டி பாக்குற டாக்டர்.

முதல்ல இது ஏன் ஊருக்கு வெளிய போகுதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா மனுல "சதி"ன்னு எல்லாம் எழுதிடாதீங்க. மாவட்ட ஆஸ்பத்திரியோட சேத்து புது மெடிக்கல் காலேஜ் கட்டுற மத்திய திட்டம் இருக்கு, மூணாவது கட்டத்துல ஒரு காலேஜுக்கு 325 கோடின்னு கணக்கு, 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். 2022 ஜனவரி 12ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 காலேஜ் திறந்தாங்களே, விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், நாகப்பட்டினம், அரியலூர், ராமநாதபுரம்னு, அது இப்படி வந்ததுதான். காலேஜ், ஹாஸ்டல், குவார்ட்டர்ஸ் எல்லாத்துக்கும் ஏக்கர் கணக்குல நிலம் வேணும், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அவ்ளோ இடம் எங்க இருக்கு? வெளியதான் கிடைக்கும். அப்புறம் ஸ்டூடண்ட்ஸ் அங்க, பேஷண்ட் இங்கன்னு வெச்சா கிளாஸும் ஓடாது வார்டும் ஓடாது. ஒரே மயக்க டாக்டர் ரெண்டு இடத்துக்கும் டூவீலர்ல பறக்க வேண்டியதுதான்.

இப்ப பிரசவம். "நார்மல் மட்டும் இங்க, சிசேரியன் அங்க"ன்னு பிரிக்க முடியாது சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா. நார்மலா ஆரம்பிச்சது கடைசி அரை மணில சிசேரியன் ஆகும். பிள்ளை பொறந்தப்புறம் ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா 9 கிலோமீட்டர் எங்க கூட்டிட்டுப் போறது? அதுக்குத்தானே சீமாங் (அவசரப் பிரசவ, பச்சப்புள்ள சிகிச்சை) சென்டர்னு வெச்சு 24 மணி நேரமும் பிரசவ டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்னாங்க. ரெண்டு சிஸ்டர் மட்டும் இருக்கிற பிரசவ வார்டு பாக்க நல்லா இருக்கும், ஒரு கெட்ட ராத்திரில நியூஸ் பேப்பர்ல வந்துடும்.

நான் சொல்றது என்னன்னா ஊருக்குள்ள 24 மணி நேர கேஷுவாலிட்டி ஒண்ணு கேளுங்க. நெஞ்சு வலின்னா ஈசிஜி எடுத்து முதல் மருந்து குடுத்து அனுப்பலாம். ஆக்சிடென்ட்ல ரத்தத்த நிறுத்தி, மூச்சுக்குழாய் போட்டு அனுப்பலாம். பாம்புக்கடி முக்கியமா கேளுங்க, வயக்காட்டு ஊருன்னா அதுதான் ராத்திரி வரும். சந்தேகமா இருந்தா ரத்தத்த கண்ணாடி டியூப்ல எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வெச்சு உறையுதான்னு பாக்கணும், அதுக்கு லேப் கூட வேணாம், சுத்தமான டியூப்பும் கடிகாரமும் போதும். உறையலன்னா விஷமுறிவு 10 பாட்டில்ல ஆரம்பிக்கணும். இத டவுன்லயே ஆரம்பிச்சிட்டு ஏத்தி அனுப்புறதுக்கும் அங்க போய் ஆரம்பிக்கிறதுக்கும் சில சமயம் ஒரு கிட்னி வித்தியாசம், கண்ணாடி விரியன் கடிச்சவங்கள வெச்சுப் பாத்தவன் சொல்றேன்.

நாய்க்கடிக்கு மட்டும் பதறாதீங்க. காயத்த சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துலயே போடுவாங்க, அன்னைக்கு, 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள்னு நாலு தடவ. ஆழமான கடின்னா காயத்தச் சுத்திப் போடுற இன்னொரு மருந்து இருக்கு, அதுக்கு மட்டும் பெரிய இடம் போங்க. நாலு தடவைக்கும் 9 கிலோமீட்டர் போகணும்னு நினைச்சுத்தான் பாதிப் பேரு ரெண்டு ஊசியோட நிறுத்திக்கிறாங்க. அதனால ஊருக்குள்ள இருக்கிற நகர்ப்புற சுகாதார நிலையம் எங்கன்னு ஜனங்களுக்கு முதல்ல காட்டுங்க. எங்க ஊர்ல அது ஒரு சந்துக்குள்ள இருக்கு, அந்தத் தெருக்காரங்களுக்கே தெரியாது.

ரிட்டயர்டு_சிஸ்டர்:

டாக்டர் தம்பி சொல்றது சரிதான், ரெண்டு சிஸ்டர் போதும்னு எழுதுனது பழைய நினைப்புல எழுதிட்டேன். ரத்தப்போக்கு ராத்திரிங்க எனக்கும் மறக்கல.

செவ்வாய்_வியாழன்_சனி:

எல்லாரும் எமர்ஜென்சி பத்தியே பேசுறீங்க. என் பேரப் பாத்தாலே தெரியும், எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். வாரத்துக்கு மூணு தடவ, தடவைக்கு நாலு மணி நேரம், வருஷம் முழுக்க. அவங்களுக்கு எமர்ஜென்சி எல்லாம் கிடையாது, ஆனா எந்த வாரமும் தப்பக் கூடாது. காப்பீட்டுத் திட்டத்துல காசு இல்லாம நடக்குது, அந்த யூனிட்ல இருக்கிற சிஸ்டருங்களுக்கு கோயிலே கட்டலாம். ஆனா போறதும் வர்றதும்?

பெண்களுக்கு இலவச பஸ் இருக்கேன்னு சொல்வீங்க. அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல மட்டும்தான், 2021ல இருந்து அம்மாவும் நானும் அதுலதான் போறோம், வர்றோம், அதுக்கு முன்னாடி எப்படிச் சமாளிச்சோம்னு நினைச்சுப் பாக்கவே முடியல. புது இடத்துக்கு போற ரோட்டுல டவுன் பஸ் நாலு டிரிப்பா நாப்பது டிரிப்பான்னு மனுல கேளுங்க. மினி பஸ்ஸும் வெளியூர் பஸ்ஸும் மட்டும் போற ரோடா இருந்தா டிக்கெட் எடுக்கணும். அதோட பஸ் மெயின் ரோட்டுல நிறுத்துவானா இல்ல உள்ள கேஷுவாலிட்டி வாசல் வரைக்கும் வருவானா? டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு பிரஷர் இறங்கி கால் துவளும், அந்த ஆளக் கையப் புடிச்சு அரை கிலோமீட்டர் வெயில்ல நடத்திக் கூட்டிட்டு வந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு ஆஸ்பத்திரி எங்க இருந்தாலும் பரவால்ல, பஸ் நிக்கிற இடம்தான் முக்கியம்.

இன்னொண்ணு, மாசாமாசம் சுகர் பிபி மாத்திரை வாங்குற பாட்டிங்க பத்தி அண்ணன் எழுதுனாரே. அவங்க மக்களைத் தேடி மருத்துவத்துல பேரு குடுத்தா மாத்திரை வீட்டுக்கே வருது, 2021 ஆகஸ்ட்ல இருந்து இருக்கு. வயித்து வழியா வீட்டுலயே பண்ற டயாலிசிஸுக்கு பை கூட தர்றாங்க, எங்கம்மாவுக்கு அது ஒத்து வரலன்னுட்டாங்க. பேரு எழுதுறவங்க தெருவுக்கு வரலன்னா பக்கத்து சுகாதார நிலையத்துல போய் கேக்கணும்.

நேர்வழி_நாகு:

அக்கா பஸ் மேட்டர் எனக்குத் தோணவே இல்ல. அப்பாவ வெச்சு இருந்தப்போ எனக்கு பைக் இருந்துச்சு.

பெஞ்சு பாட்டிங்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துடுச்சுன்னா அப்புறம் மருமகள்களப் பத்தி யார்கிட்ட பேசுவாங்கன்னு மட்டும் கவலையா இருக்கு, இது கிண்டல் இல்ல.

தஞ்சாவூர்க்காரன்:

இவ்ளோ நேரம் யாராவது எங்க ஊரச் சொல்வாங்கன்னு பாத்தேன், சொல்லல. எங்க ஊர்ல பல வருஷம் முன்னாடியே இது நடந்து முடிஞ்ச கதை. டவுனுக்கு நடுவுல ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி, எல்லாரும் ஆர்எம்ஹெச்ம்பாங்க, மிராசுதாருங்க நன்கொடை குடுத்து வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. அப்புறம் மெடிக்கல் காலேஜ் ஊருக்கு வெளிய வந்துச்சு, அங்க பெரிய ஆஸ்பத்திரியும் வந்துச்சு. ஆனா ஆர்எம்ஹெச்ச மூடல. பிரசவம், குழந்தைங்க, கண்ணு இத டவுன்லயே வெச்சுக்கிட்டாங்க, காலேஜோட சேந்த ஆஸ்பத்திரியாவே. எங்க தெருவுல பாதிப் பேருக்கு பொறந்த இடம் ஆர்எம்ஹெச்தான், நானும் சேத்து.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா டாக்டர் சார் சொன்ன பாதி பாதி பிரச்சனை இதுல கிடையாது. நார்மல் இங்க சிசேரியன் அங்கன்னு ஒரு டிபார்ட்மெண்ட ரெண்டா வெட்டல. ஒரு டிபார்ட்மெண்ட தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம், குழந்தை வார்டு எல்லாத்தோட முழுசா ஒரே இடத்துல வெச்சாங்க. மெட்ராஸ்லயும் அப்படித்தானே, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட சேந்ததுன்னா சென்ட்ரல் எதிர்ல இருக்கிறது மட்டுமா? எழும்பூர்ல பிரசவ ஆஸ்பத்திரி தனி, குழந்தைங்க ஆஸ்பத்திரி தனி, 1819ல ஆரம்பிச்ச கண்ணாஸ்பத்திரி தனி. ஒவ்வொண்ணும் தனித்தனி இடம், ஸ்டூடண்ட்ஸ்தான் மாறி மாறிப் போறாங்க. அதனால "மாத்தாதே"ன்னு எழுதாதீங்க, "அம்மா, குழந்தை ரெண்டு டிபார்ட்மெண்டையும் முழுசா பழைய இடத்துலயே நடத்துங்க"ன்னு எழுதுங்க. கேட்டா முன்மாதிரி இருக்குன்னு காட்டலாம்ல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். ரெண்டு இடமா இருக்கிறதுல அலைச்சலும் இருக்கு. பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு இருதயக் கோளாறுன்னு தெரிஞ்சா டவுனுக்கும் காலேஜுக்கும் நடுவுல ஆம்புலன்ஸ் ஓடும். இத மறைச்சு மனு எழுதுனா நாளைக்கு அவங்களே இத எடுத்துக் காட்டுவாங்க, முன்கூட்டியே ரெண்டு இடத்துக்கும் நடுவுல தனி ஆம்புலன்ஸ் வேணும்னு நீங்களே கேட்டுடுங்க.

கேஷுவாலிட்டி_நைட்:

முழு டிபார்ட்மெண்ட்னா நான் எதிர்க்க மாட்டேன், நல்ல யோசனை. ஒண்ணே ஒண்ணு, பழைய கட்டடம் யார் கையில இருக்கும்னு முதல்ல கேளுங்க. மெடிக்கல் காலேஜ் ஆனதும் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கு கீழ போயிடும், டீன்தான் தலைமை. மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரி எல்லாம் ஊரக நலப் பணிகள் இயக்ககம், அங்க ஜேடி, அதாவது இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை, மூணும் மூணு வீடு. அம்மா குழந்தை டிபார்ட்மெண்ட்டுன்னா டீனுக்கு கீழ. வெறும் கேஷுவாலிட்டின்னா ஜேடி கையில ஒரு சின்ன ஆஸ்பத்திரியா நடத்தலாம். நீங்க கலெக்டர்கிட்ட மட்டும் மனு குடுத்தா அது டீனுக்கும் ஜேடிக்கும் நடுவுல "எங்களைச் சார்ந்ததல்ல"ன்னு ஆறு மாசம் ஊஞ்சல் ஆடும். மூணு காப்பி போட்டு கலெக்டர், டீன், ஜேடி மூணு பேருக்கும் குடுத்து தனித்தனியா ரசீது வாங்குங்க, ஜெராக்ஸ் செலவு உங்களுக்கு ஒண்ணும் இல்லையே :)

ஸ்டாண்டு_நம்பர்_4:

மார்ச்சுவரி பத்தி யாரும் பேசல. போஸ்ட்மார்ட்டம் வீட்டுக்காரங்க பாவம் சார். விடிகாலைல வந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கிறாங்க, ஸ்டேஷன்ல இருந்து பேப்பர் வரணும், டாக்டர் வரணும். எங்க ஊரு புது இடத்துல அவங்களுக்கு ஒரு ஷெட்டு கூட கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது, பொம்பளைங்க பாத்ரூம் போக இடம் கிடையாது. அழுவுற ஆளுங்க வெயில்ல தார் ரோட்டுல உக்காந்திருக்காங்க. மார்ச்சுவரி அங்கதான் போகும்னா போகட்டும், ஒரு நெழலும் தண்ணியும் பாத்ரூமும் கேளுங்க. அத எழுதும்போது கூச்சப்படாதீங்க.

ஜெராக்ஸ்காரன்:

எல்லாருக்கும் நன்றி, சத்தியமா இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி சங்கத் தலைவர் கடைக்கு வந்தார், எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். முதல்ல கோவப்பட்டார், ரத்து செய்னு கேக்காம இருந்தா நாம பயந்துட்டோம்னு நினைப்பாங்கன்னார். நானும் விடல, அண்ணே ரத்து பண்ணலன்னா அடுத்து என்ன கேப்பீங்கன்னு கேட்டேன், யோசிச்சார், பதில் சொல்லல. கடைசில தஞ்சாவூர் விஷயத்துலதான் இறங்கி வந்தார், அவரு சம்சாரம் ஊரு ஒரத்தநாடாம், மூத்த பையன் பொறந்தது ஆர்எம்ஹெச்லயாம்.

இப்ப மனு இப்படி நிக்குது. அம்மா, குழந்தை டிபார்ட்மெண்ட் தியேட்டர், ரத்தம், மயக்க டாக்டரோட முழுசா பழைய இடத்துலயே. அதுக்கு எப்படியும் டாக்டருங்க ராத்திரி இருப்பாங்கல்ல, அங்கயே 24 மணி நேர கேஷுவாலிட்டி, பாம்புக்கடி மருந்தோட. ரெண்டு இடத்துக்கும் நடுவுல தனி ஆம்புலன்ஸ். டயாலிசிஸ எங்க வைக்கிறதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும், ஆனா அத மாத்துற தேதிக்கு முன்னாடியே வெள்ளை போர்டு, அதான் அந்த சாதாரணக் கட்டண டவுன் பஸ், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வரணும்னு, சகோதரி சொன்னத அப்படியே போட்டுட்டேன். மார்ச்சுவரிக்கு ஷெட்டு, தண்ணி, பாத்ரூம். பழைய இடத்த வேற எதுக்கும் குடுக்கக் கூடாதுன்னு தலைவர் ஒரு வரி சேக்கச் சொன்னார், அதுல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமையும் டவுன்லயே வைக்கணும்னு நானே ஒண்ணு சேத்தேன். அதுக்கு வர்றவங்கதான் 9 கிலோமீட்டர் போறதுல ரொம்பக் கஷ்டப்படுறவங்க, இத எழுதும்போது என் கடை வியாபாரமும் ஞாபகம் வந்துச்சு, நாகு தம்பி கிண்டல் பண்ணுவார்னு தெரியும், இருந்தாலும் எழுதிட்டேன்.

சந்தேகம் ஒண்ணு டாக்டர் சார், டீனுக்கு குடுக்குற காப்பிய காலேஜ்ல குடுக்கணுமா இல்ல இங்க பழைய ஆஸ்பத்திரி தபால் பிரிவுல குடுத்தா போதுமா? திங்கக்கிழமை மனு நம்பர் வந்ததும் இங்க போடுறேன். ஒரு பாட்டி அரை மணி நேரமா ரேஷன் கார்ட நீட்டிக்கிட்டே நிக்குது, ரெண்டு பக்கமும் எடுத்துக் குடுத்துட்டு வர்றேன்.